வரைபடத்தில் விழாத மலை

கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு வராத கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறை வந்தால் பஸ் ஏறிவிடுவோம். ஆனால் அந்த மலைக்குத் தன் பெயரைக் கொடுத்த மனிதர் அந்த இடத்தை வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்காமலேயே செத்துப்போனார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பார்த்ததாகச் சொன்ன சமநிலம் அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் பேச்சில் மட்டும் இருந்தது. தாளில் இல்லை.

வில்லியம் கேமரன் அரசாங்கத்துக்காக வேலை செய்த நில ஆய்வாளர். 1885இல் பேராக்–பகாங் எல்லையை ஆராய்ந்து வரைந்து வரும்படி அவரை அனுப்பினார்கள். தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து யானைகளோடு உலு கிந்தா வழியாக ஏறினார் என்று அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வார்கள். கூடப் போனவர்களில் குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரின் பெயர் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. சுமை தூக்கியவர்கள், ஆற்றின் பெயர் சொன்னவர்கள், எந்தப் பக்கம் இறங்கினால் உயிரோடு போகலாம் என்று காட்டியவர்கள் யாருக்கும் பெயர் இல்லை. தீத்திவங்சா மலைத்தொடரில் அந்தக் காலத்தில் பூர்வகுடிகளின் துணை இல்லாமல் எந்த வெள்ளைக்காரரும் பத்து மைல்கூட நகர்ந்திருக்க முடியாது. எனவே 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை இந்தக் கட்டுரையில் நான் பயன்படுத்தப் போவதில்லை. செமாய் மக்கள் அங்கே ஏற்கனவே குடியிருந்தார்கள். தெலோம், பெர்தாம் ஆறுகள் யாரோ வந்து பார்க்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். கேமரன் மலை ஏறியது 1885. பகாங் பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்றுக்கொண்டது 1888. அதாவது அளவை எடுக்கும் ஆள் கொடிக்கு மூன்று ஆண்டு முன்பே எல்லைக்குப் போய்விட்டார். ஈய மணல் எங்கே இருக்கிறது, நீர்ப்பிரிமேடு எந்தப் பக்கம் போகிறது, படையோ பாதையோ எங்கே நுழையலாம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஓர் எல்லையைப் பற்றிப் பேரம் பேச முடியும். ஆட்சி வந்தபிறகு வரைபடம் வந்தது என்றுதான் நாம் நினைப்போம். அங்கே வரிசை தலைகீழ்.

மலைகள் சூழ்ந்த, மென்மையாகச் சரியும் அகன்ற நிலம் ஒன்றைப் பார்த்ததாக அவர் அறிக்கை கொடுத்தார். பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோவுக்கு ஆசை வந்துவிட்டது. உடம்பு தேற்ற ஒரு குளிர்ந்த ஊர், காய்கறி பயிரிட நிலம், விவசாயக் குடியேற்றம் என்று கனவு கண்டார். காட்டை வெட்டி ஒரு பாதைகூடப் போட்டார்கள். ஆனால் 1886இல் கேமரன் இறந்துவிட்டார். அவர் சொன்ன இடம் துல்லியமாக எது என்று காட்டும் படம் கைவசம் இல்லை. காடு பாதையை மூடிக்கொண்டது. பிற்காலத்தில் அவருடைய அறிக்கையைப் படித்த சிலர், இப்போதைய தானா ராத்தாவை அவர் பார்த்தே இருக்கமாட்டார், வேறொரு பள்ளத்தாக்கைத்தான் சொல்லியிருப்பார் என்றும் வாதிட்டார்கள். எனக்கு இந்த வாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு மனிதர் பார்க்காமலே போயிருக்கக்கூடிய இடத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே எனக்குப் போதுமான வரலாறு.

வெள்ளைக்காரர்களுக்கு ஏன் இந்த மலைப் பைத்தியம்? கோலாலம்பூர் வெக்கையும் மலேரியாவும்தான் முதல் காரணம். சிலாங்கூர்க்காரர்கள் 1893இலேயே கோலகுபு பாருவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் கூத்துவில் ஓய்வு இல்லம் கட்டிவிட்டார்கள். ரெசிடெண்ட் டிரீச்சரின் பெயரால் அது டிரீச்சர் குன்று. இப்போது அங்கே மலையேறப் போகிறவர்கள் செல்பி எடுத்துக்கொள்ளும் அந்தப் புகைபோக்கி அந்த வீட்டின் மிச்சம். அடுத்தது பிரேசர் மலை. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஈய வியாபாரி காணாமல் போனார். 1917இல் சிங்கப்பூர் பிஷப் அவரைத் தேடி ஏறினார். ஆள் கிடைக்கவில்லை, மலை கிடைத்தது. தொலைந்த மனிதனைத் தேடி மலையைப் பிடித்த கதை அது. கேமரன் மலையில் மனிதரின் பெயர் இருந்தது, மலைதான் தொலைந்திருந்தது.

1925இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் நேரில் போய்ப் பார்த்து, இங்கேதான் மலைவாசத்தலம் என்று முடிவுசெய்தார். அந்த இடைப்பட்ட நாற்பது வருடத்தில் என்ன மாறியிருந்தது? கோலாலம்பூரில் ஒரு சர்வே இலாகா வளர்ந்திருந்தது.

மெர்டேகா சதுக்கத்தின் எதிர்வரிசையில், மூரிஷ் பாணி வளைவுகளோடு 1910 வாக்கில் கட்டிய பழைய சர்வே அலுவலகம் இன்றும் நிற்கிறது. பலரும் அதைச் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கடந்துபோகிறோம். தீபகற்பத்தை ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் துண்டு துண்டாக வரைந்த இலாகா அது. படம் வரைபவர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் கணிசமாக இருந்த இலாகாக்களில் அதுவும் ஒன்று. ரயில்வேயும் பொதுப்பணியும் மற்றவை. 1902 வாக்கில் தொடங்கிய ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலையும், 1904இல் உருவான விவேகானந்தா ஆசிரமத்தையும் சுற்றி பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த அந்தச் சமூகத்தைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் 'ரயில்வே கிராணி' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். பகாங் மலைகளின் கோடுகளை மையில் இழுத்த கைகளில் சில, சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் வீடுகளுக்குத் திரும்பியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மழைக்காட்டில் படம் வரைவது லேசான வேலை இல்லை. உச்சியிலிருந்து உச்சியைக் குறிபார்த்து முக்கோணங்களாகக் கோர்த்துக்கொண்டு போவதுதான் முறை. ஆனால் நம் ஊர் மலையுச்சியில் ஏறினால் மரத்தைத் தவிர எதுவும் தெரியாது. முதலில் உச்சியை மொட்டையடிக்க வேண்டும். பிறகு கம்பம் நட வேண்டும். பிறகு மேகம் விலகும்வரை நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே ஆற்றோரமாகச் சங்கிலி இழுத்து அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல். அட்டை கடிக்க, காய்ச்சல் வர, சேற்றில் அந்த இரும்புச் சங்கிலியை இழுத்தவர்களுக்கும் பெயர் கிடையாது. வழக்கம்போல.

இப்படி எடுத்த உயரங்களை இணைத்தால் வருவது சமவுயரக் கோடு. செங்குத்தான சரிவில் இந்தக் கோடுகள் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சமநிலம் வந்தால் விலகி மூச்சுவிடும். தீத்திவங்சாவின் தாள்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். காப்பிப் பொடி கொட்டினமாதிரி பழுப்புக் கோடுகள். அதன் நடுவே தானா ராத்தாவில் திடீரென்று கொஞ்சம் வெள்ளை இடம். மலாயில் 'தானா ராத்தா' என்றாலே தட்டை நிலம்தான். கேமரனால் வாயால் மட்டுமே சொல்ல முடிந்ததை இந்த வெள்ளை இடம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் மதராஸ் போய் வரவேண்டியிருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் தொடங்கியது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிக் கெட்டுப்போனதும் அவர் காலத்துக் கதைதான். லாம்டனுக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்திய அளவைகளைக் கொண்டு 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு கொடுத்தார். பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. எவ்வளவு தட்டை என்பதுதான் கணக்கு. அந்த எவரெஸ்ட் கணக்கையே சற்றுத் திருத்தி மலாயாவின் வரைபடங்களுக்கும் அடிப்படையாக வைத்தார்கள். பகாங்கின் கெர்தாவ் குன்றைத் தொடக்கப் புள்ளியாக வைத்த அந்த முறை, 2003இல் செயற்கைக்கோள் அடிப்படையிலான புதிய முறை அறிமுகமாகும்வரை இந்த நாட்டில் கோலோச்சியது. தமிழ்நாட்டுச் சமவெளியிலும் கோபுரங்களிலும் தொடங்கி அளந்த பூமியின்மேல்தான் கேமரன் மலையை வரைந்தார்கள். ஆளையும் அங்கிருந்தே கொண்டுவந்தார்கள், அளவையும் அங்கிருந்தே கொண்டுவந்தார்கள்.

ஆட்கள் வந்தது ரோட்டுக்காக. தாப்பாவிலிருந்து மேலே சுமார் 60 கிலோமீட்டர். 1926இல் வேலை தொடங்கி, முடிய நான்கைந்து வருடம் ஆனது. மழை, மண்சரிவு, மலேரியா. மலைப்பாதையில் காரில் போகும்போது வளைவுகளை எண்ணி வாந்தி எடுக்கிற நமக்கு, அந்த ஒவ்வொரு வளைவும் ஒரு சமவுயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று தோன்றாது. சாலைப் பொறியாளர் கோட்டைக் குறுக்கே வெட்ட மாட்டார், அதன் ஓரமாகவே நழுவுவார். வளைவு அதனால்தான்.

ரோடு வந்ததும் தேயிலை. 1929இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் கோலாலம்பூரில் வளர்ந்தவர்; அவர் தந்தை சிலாங்கூர் அரசு அச்சகத்தைக் கவனித்துக்கொண்டவர். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்னே என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். இலங்கை மலையகத்தில் பழகிய அதே ஏற்பாடு: துரை, கங்காணி, லயம், பிரட்டு, கொழுந்துக் கூடை. அடுத்தடுத்த பதிப்பு வரைபடங்களில் காட்டின் பச்சை பின்வாங்கி, தோட்ட எல்லைக் கோடுகள் முன்னேறுவதைப் பார்க்கலாம். லயங்கள் சின்னச்சின்னக் கறுப்புச் செவ்வகங்களாக வரிசையில் நிற்கும். நம்மாளுங்க வரலாற்றில் வரைபடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். கட்டடமாக.

பெயராக நுழையவில்லை. தோட்டத்தின் பெயர் கம்பெனிப் பெயர். ஆற்றின் பெயர் செமாயோ மலாயோ, இலாகா காதில் விழுந்த விதத்தில். பிறகு சுதந்திரத்துக்குப் பின் 'எஸ்டேட்' என்ற சொல் 'லாடாங்' ஆனது. தமிழ்ப் பெயருக்கு எந்தப் பதிப்பிலும் இடமில்லை. ஆனால் தோட்டத்து மக்களிடம் முழுமையான ஒரு நிலவியல் இருந்தது. மேல் டிவிசன், கீழ் டிவிசன், சாமிமேடு, பால் ஸ்டோரு, சுடுகாட்டுப் பாதை. எல்லாவற்றுக்கும் மேலாகக் 'கட்டை'. மைல்கல்லை மலாய்க்காரர் 'பத்து' என்றார், நாம் 'கட்டை' என்றோம். "மாமா எங்க இருக்காரு?" "பதினாலாங்கட்டையில." அந்த ஒரு சொல்லில் ரோடு, தூரம், ஊர் மூன்றும் அடக்கம். கிலோமீட்டர் வந்து மைல்கற்களைப் பிடுங்கிப்போட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கல் போன பிறகும் கட்டை போகவில்லை. மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்று கிள்ளானில் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். பேரப்பிள்ளை கூகுளில் தேடினால் கிடைக்காது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். செமாய்ப் பெயர்களை நாம் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோம்? மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலையின் பழைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட தோட்டத்துப் பாட்டு எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. 'கேமரன் மலை' என்று தமிழில் சொல்லும்போது 'மலை' மட்டும்தான் நம்முடையது.

போர் வந்தது. ஜப்பானியர் பிரிட்டிஷ் படங்களை எடுத்துத் தங்கள் எழுத்தோடு மறுபடி அச்சிட்டுக்கொண்டார்கள். பிரிட்டிஷார் திரும்பி வருவதற்காக இந்தியாவிலிருந்து மலாயாவின் படங்களைப் புதிதாக அச்சடித்தார்கள். 1948இல் அவசரகாலம். விமானப் படங்களிலிருந்து மலைத்தாள்களைத் திருத்தினார்கள். 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியைச் சுட்டுக்கொன்ற பிறகு, மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் ராணுவ விஷயமாகிவிட்டது. பூர்வகுடிகளைக் காட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து அடைத்தார்கள். நோயிலும் ஏக்கத்திலும் பலர் செத்தார்கள். பிறகு உத்தியை மாற்றி ஆற்றுத் தலைமாட்டுகளில் கோட்டைகள் போட்டார்கள். போர்ட் புரூக், போர்ட் தெலானோக் என்று வரைபடத்தில் பெயர்கள் முளைத்தன. இன்றைக்கு அவை போஸ் புரூக், போஸ் தெலானோக் என்ற பூர்வகுடிக் கிராமங்கள். தோட்ட லயங்களையும் விடவில்லை. சிதறிக்கிடந்தவற்றை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள்.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. வரைபடத்தைப் பற்றிய அந்த மனநிலை முடியவில்லை. அரசின் நிலப்படத் தாள்கள் 'தெர்ஹாட்' முத்திரையோடு, கட்டுப்படுத்தப்பட்ட ஆவணமாகவே வெகுகாலம் இருந்துவந்தன. கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது, விண்ணப்பம் போட வேண்டும். அதனால் வரும் வேடிக்கை என்னவென்றால், உங்கள் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் 1940களின் தாளைப் பார்க்க, சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள நூலகங்களின் இணையச் சேமிப்பைத் தேடுவது சுலபம். காலனியின் படம் பொதுச்சொத்து, சுதந்திர நாட்டின் படம் ரகசியம். செயற்கைக்கோள் ஒவ்வொரு தகரக்கூரையையும் படம்பிடிக்கிற காலத்தில் இந்த ரகசியம் யாரிடமிருந்து என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை படமும் ரகசியமும் இருந்தும், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் நடக்கப்போன தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்ப்சனை ராணுவம், போலீஸ், பூர்வகுடி வழிகாட்டிகள் எல்லாரும் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது வேறு கதை.

பழைய தாள்கள் இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் மலையிலிருந்து கீழே இறங்கிப் பார்க்கலாம். பெட்டாலிங் ஜெயா இருக்கும் இடத்தில் எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா இருக்கும் இடத்தில் சீபீல்ட் தோட்டம். ஷா ஆலாம் முழுக்க ரப்பரும் செம்பனையும். ஓர் அங்குலத் தாளில் இவையெல்லாம் பெயரோடும் எல்லையோடும் இருக்கின்றன. தோட்டம் கைமாறியபோது நிலம் பட்டாவோடு போனது. லயத்துக்குப் பட்டா இல்லை, கோயிலுக்கும் இல்லை. 1891இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் சீபீல்ட் மகா மாரியம்மன் கோயிலை இடம் மாற்றுவது பற்றிய தகராறு 2018 நவம்பரில் கலவரமாகி, அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் பிறகு இறந்துபோனார். ஒவ்வொரு முறையும் இதே வாக்குவாதம்தான். "இது சட்டவிரோதக் கோயில்." "இல்லை, உங்க பட்டாவுக்கு முந்தினது."

அப்படியானால் பழைய வரைபடத்தை எடுத்துக் காட்டிவிடலாமே என்று தோன்றும். காட்டலாம், ஆனால் கவனமாக. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால், தாளில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் சுமார் 63 மீட்டர். ஆறு மீட்டர் அகலத் தகரக்கொட்டகையில் இருந்த மாரியம்மன், அளவுப்படி வரைந்தால் தாளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பேனா முனையைவிடச் சின்னது. எனவே படத்தில் கோயில் இருந்தால் அது சான்று. இல்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது. இந்த வித்தியாசத்தை நம் வழக்கறிஞர்களும் கோயில் கமிட்டிகளும் உரக்கச் சொல்லப் பழக வேண்டும். தாளில் லயத்தின் செவ்வகம் இருந்தாலே போதும், அங்கே எத்தனை வருடமாக ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லத் தொடங்கிவிடலாம். மீதியைப் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவு, தோட்டக் கணக்கு, கல்லறைக் கல் எல்லாம் சேர்ந்து சொல்லட்டும்.

இதை நம்மைவிட முன்னதாகச் செய்துகாட்டியவர்கள் பூர்வகுடிகள். டிங்கிலுக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கிராமம். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள். நிலம் உங்களுடையது இல்லையே என்பது வாதம். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம், வழக்காற்றின்படி அவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்குப் பின் பல கிராமங்களில் பூர்வகுடிகள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பழமரம், கல்லறை, பழைய குடியிருப்பு, ஆற்று முடக்கு என்று ஒவ்வொன்றாக நடந்து குறித்துத் தங்கள் படத்தைத் தாங்களே வரைகிறார்கள்.

புக்கிட் தம்போய்க்குக் கொஞ்ச தூரத்திலேயே புக்கிட் சீடிங் இருக்கிறது. 'போ' கம்பெனியின் சமவெளித் தேயிலைத் தோட்டம் அங்கேதான் இருந்தது. மலைத்தோட்டத்தில் வாழ்ந்த அதே தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கைதான் அங்கேயும்: லயம், கோயில், பள்ளிக்கூடம். அந்தத் தோட்டத்து டிவிசன்களை அங்கே வேலை செய்தவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்க வேண்டுமானால், சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. டிங்கிலிலும் பந்திங்கிலும் கிள்ளானிலும் பிள்ளைகளின் மாடி வீடுகளில் இருக்கிறார்கள்.